வால்டன் குளக்கரையில் தோரோ

தோற்றுவாய்

பொறியின்றி இன்று மக்கள் வாழ்வு இல்லை. விடியலில் நம்மைத் துயில் எழுப்புவதும் பொறி. ஊர்விட்டு ஊர் சுமந்து செல்வதும் பொறி. தொலைவில் உள்ளாரோடு உரையாடச் செய்வதும் பொறி. பத்து நாழிகையில் முடிந்த வேலையைப் பொறி ஒரு நாழிகையில் முடித்துத் தருகின்றது. அங்ஙனமாயின், எஞ்சிய ஒன்பது நாழிகையும் நமக்கு ஓய்வாகக் கிடைத்திருத்தல் வேண்டுமன்றோ? ஆனால், பொறிகள் பெருகப் பெருக, நேரம் இல்லை என்னும் முறையீடும் உடன் பெருகக் காண்கிறோம். இதன் காரணம் யாது என்று புகைவண்டி தோன்றிய காலத்திலேயே ஆராயப் புகுந்தார் ஒருவர். அவர் ஏட்டளவில் ஆராய்ந்து அமைந்தாரல்லர்; தம் வாழ்வையே அவ்வாராய்ச்சிக்குக் களமாக்கினார். அவரே அமெரிக்க நாட்டு அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்பது ஓர் ஊர். ஆறும் குளமும் பைன் மரக்காடும் சூழ்ந்த அவ்வூரில் 1817-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள் தோரோ பிறந்தார். அவர் தந்தையார் பென்சில் செய்து விற்கும் தொழிலை மேற்கொண்டிருந்தார். ஊருக்குத் தெற்கே வால்டன் என்னும் குளம் ஒன்று உண்டு. நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோதே தோரோ அக்குளத்தைக் கண்டார். அன்று கண்ட காட்சி அவர் உள்ளத்தை விட்டு என்றும் அகலவில்லை.

ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1837-இல் பட்டம் பெற்ற தோரோ, தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானார். மாணவரை அவர் பிரம்பால் அடிப்பதில்லை. அது மேலோர்க்குக் குறையாகத் தோன்றியது. அவர்கள் வற்புறுத்தவே மாணவர் சிலரை அடித்தார். அடித்த கையோடு மனம் நொந்து அவ்வேலையையும் துறந்தார். இரண்டு வாரமே நீடித்தது அவ்வாசிரியப் பணி. மறு ஆண்டில் தம் தமையனார் ஜானுடன் சேர்ந்து தாமே ஒரு பள்ளி நடத்தினார். அங்கே அடியும் இல்லை, வசையும் இல்லை. மாணவரைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று, மரம் செடி கொடிகளையே பாடமாக்கினார். தமையனாரின் உடல் நலிவால் 1841-இல் அப்பள்ளி நின்றது. 1842-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மழிப்புக் கத்தியைத் தீட்டும்போது பட்ட சிறு வெட்டிலிருந்து இசிவு நோய் கண்டு ஜான் உயிர் நீத்தார். அப்பிரிவு தோரோவை வாட்டியது. அந்நாளில் அவருக்கு ஊன்றுகோலாய் விளங்கியவர், அவ்வூரில் வாழ்ந்த பேரறிஞர் எமர்சன் ஆவார்.

பொறி அறிந்த அறிஞர்

இயற்கையை விரும்பியவர் என்பதனால், தோரோ பொறிகளைப் பற்றி ஏதும் அறியாதவர் என்று எண்ணுதல் தவறு. அந்நாளில் அமெரிக்காவில் செய்த பென்சில்கள் எழுதும்போது பிசுபிசுத்து, எளிதில் ஒடிந்தன. தோரோ நூல்களை ஆராய்ந்தார். காரீயத்தூளோடு களிமண்ணைக் கலந்து சுடும் முறையைத் தம் பட்டறையில் வெற்றியுறச் செய்தார். மிக நுண்ணிய தூள் மட்டும் காற்றோடு மேலெழுந்து தனியே சேரும்படி அரைவைப் பொறி ஒன்றையும் அமைத்தார். அதனால் அவர் குடும்பத்தார் செய்த பென்சில், அந்நாட்டிலேயே சிறந்தது எனப் பெயர் பெற்றது. எனினும், வாழ்நாள் முழுவதையும் பென்சில் செய்வதிலேயே கழிக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. குடும்பத்திற்கு வேண்டியபோது பட்டறையில் உழைத்தார். வேண்டாதபோது காட்டில் உலாவினார்.

அவர் பிழையே செய்யாதவரும் அல்லர். 1844-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், நண்பர் ஒருவரோடு மீன் பிடித்து, அதனைச் சமைக்கக் காட்டில் தீ மூட்டினார். மழையின்றி உலர்ந்திருந்த புல்லில் தீப் பற்றிக்கொண்டது. ஒரு தீக்குச்சியின் பொறி நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை எரித்தது. ஊரார் அவரைக் காடு கொளுத்தி என்று பல்லாண்டு பழித்தனர். கைக்கு எளிதாய் வந்த கருவி, கருத்தின்றிக் கையாண்டால் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை அவர் பிறரிடம் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை, தாமே பட்டறிந்தார்.

இருப்புப் பாதையும் குடிலும்

அதே ஆண்டு ஜூன் திங்களில் பாஸ்டன் நகரிலிருந்து கான்கார்டுக்குப் புகைவண்டி வந்தது. இருப்புப் பாதை வால்டன் குளத்தின் ஒரு கரையை ஒட்டியே சென்றது. பறவைகளின் ஒலியோடு நீராவிப் பொறியின் ஊதல் ஒலியும் கலந்தது. உழவர் தம் கடிகாரத்தை வண்டி வரும் நேரம் கொண்டு திருத்தலாயினர். கதிரவனை நோக்கி வாழ்ந்த ஊர், கால அட்டவணையை நோக்கி வாழத் தொடங்கியது.

1845-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு வால்டன் குளக்கரைக்குச் சென்றார். எமர்சனுக்கு உரிமையான நிலத்தில் பைன் மரங்களை வெட்டித் தம் கையாலேயே குடில் அமைத்தார். இருப்புப் பாதையில் வேலை செய்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பயன்படுத்திக்கொண்டார். 15 அடி நீளமும் 10 அடி அகலமும் உடைய அக்குடிலுக்கு ஆன செலவு 28 டாலரும் 12½ சென்டும் ஆகும். ஆணிக்கும் சுண்ணாம்புக்கும் ஆன செலவைக்கூட அவர் விடாது எழுதிவைத்தார். இரவல் வாங்கிய கோடரியை, வாங்கியபோது இருந்ததினும் கூர்மையாகத் தீட்டித் திருப்பிக் கொடுத்தார். ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் அங்கே குடிபுகுந்தார்.

குடிலில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் எழுது மேசை, மூன்று நாற்காலிகள் இருந்தன. அருகில் இரண்டரை ஏக்கர் நிலத்தில் அவரை பயிரிட்டார். அவர் துறவி அல்லர், நண்பர்கள் வருவர், அவரும் ஊருக்குள் செல்வார், தாயார் இல்லத்தில் உண்டு வருவதும் உண்டு. காலைப் போதில் பகவத்கீதையைக் கற்று இன்புற்றார். தேவைகளைச் சுருக்கினால், ஆண்டில் ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்தாலே தம் செலவுக்குப் போதும் என்று கணக்கிட்டுக் கண்டார். எஞ்சிய நாளெல்லாம் கற்கவும் எழுதவும் இயற்கையை உற்று நோக்கவும் உரியவாயின.

தோரோவின் கணக்கு

ஒரு பொருளின் விலையைப் பிறர் பணத்தால் அளந்தனர். தோரோ அதற்காகச் செலவிடும் வாழ்நாளால் அளந்தார். கான்கார்டிலிருந்து பிட்ச்பர்க்கு என்னும் ஊர் 30 மைல் தொலைவு. புகைவண்டிக் கட்டணம் 90 சென்ட். கூலியாள் ஒருவன் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் உழைத்தாலே அத்தொகை கிட்டும். ஒருவன் காலையில் நடக்கத் தொடங்கினால், காடும் வயலும் கண்டு களித்தவாறே இரவுக்குள் ஊர் சேர்வான். மற்றொருவன் கட்டணம் ஈட்டுவதற்காகப் பகலெல்லாம் உழைத்து, மாலையிலோ மறுநாளோ ஊர் சேர்வான். இருவருள் விரைந்தவன் யார்? இக்கணக்கு எல்லார்க்கும் எக்காலத்தும் பொருந்துவதன்று. நோயாளியை மருத்துவரிடம் கொண்டு செல்வார்க்கு வண்டியே உயிர் காப்பது. ஆயினும், விரைவு என்பது இலவசமாக வருவதன்று என்னும் உண்மையை இதனினும் எளிதாக விளக்கல் அரிது.

புகைவண்டியில் ஏறிச் செல்வோரை மட்டுமன்றி, அப்பாதையை அமைத்தோரையும் தோரோ எண்ணிப் பார்த்தார். பாதையோரக் குடிசைகளில் குளிரிலும் வறுமையிலும் வாடிய தொழிலாளரைக் கண்டு, ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பின் மேல் நிற்பதை உணர்ந்தார். எனினும் வண்டியை அவர் வெறுக்கவில்லை. ஊருக்குள் செல்ல இருப்புப் பாதையின் ஓரமாகவே நடப்பார். 1851-இல் ஊருக்குத் தந்திக் கம்பி வந்தபோது, செய்தி அனுப்ப விரையும் மக்களுக்குச் சொல்லத்தக்க செய்தி உண்டோ என ஐயுற்றார். ஆனால் காற்றில் அக்கம்பி யாழ்போல் இசைப்பதைக் கேட்டு மெய்ம்மறந்து நின்றார்.

குளமும் சென்னையும்

வால்டன் குளம் அடியற்றது என்று ஊரார் நம்பினர். 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளம் உறைந்திருந்த காலத்தில், தோரோ திசைகாட்டியும் சங்கிலியும் அளவு நூலும் கொண்டு அதனை அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி எனத் தெளிந்தது. கருவி அவரை இயற்கையினின்று பிரிக்கவில்லை, நெருங்கச் செய்தது.

1846-47-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நூறு தொழிலாளர் அக்குளத்திற்கு வந்து, உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்தனர். நல்ல நாளில் 1,000 டன் பனிக்கட்டி எடுத்தனர். அந்நாளில் அமெரிக்க வணிகர் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, நம் நாட்டுக்கும் அனுப்பிவந்தனர். அதனைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில், 1897-இல், விவேகானந்தர் அங்குத் தங்கினார். அதுவே இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. தாம் பருகும் குளத்து நீரைச் சென்னையிலும் கல்கத்தாவிலும் உள்ளார் பருகுவர் என்று எண்ணித் தோரோ வியந்தார். ஆனால், கரையில் குவித்த 10,000 டன் பனிக்கட்டியின் பெரும்பகுதி கொண்டு செல்லப்படவில்லை. அது 1848-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் முற்றும் உருகி, மீண்டும் குளத்தையே சேர்ந்தது.

பிற்கால வாழ்வு

குளக்கரையில் வாழ்ந்த நாளில், அடிமை முறையைக் காத்த அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846-இல் ஓர் இரவு சிறையிலிருந்தார் தோரோ. அதுபற்றி 1849-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பின்னாளில் காந்தியடிகளின் உள்ளத்திற்கு உரமூட்டியது.

இரண்டாண்டும் இரண்டு திங்களும் இரண்டு நாளும் அங்கு வாழ்ந்தபின், 1847-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் குடிலை விட்டு நீங்கினார். அதன்பின் நில அளவைத் தொழிலால் பொருள் ஈட்டினார். அவருடைய முதல் நூல் 1,000 படி அச்சாகி, 706 படி விலைபோகாமல் அவர் வீட்டுக்கே திரும்பின. அதற்காக அவர் தளரவில்லை. குளக்கரை வாழ்வைக் கூறும் வால்டன் என்னும் நூல் 1854-இல் வெளிவந்து, நாளடைவில் உலகப் புகழ் பெற்றது.

நாள்தோறும் பல மணி நேரம் நடந்து, எச்செடி எந்நாளில் பூத்தது என்று பல்லாண்டு குறித்துவந்தார். வேலையற்றவர் செயல் என்று ஊரார் சிலர் நகைத்தனர். இன்றோ, பாஸ்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் அக்குறிப்புகளைக் கொண்டே ஆராய்ந்து, புவி வெப்பம் மிகுந்ததால் கான்கார்டில் பூக்கள் அந்நாளினும் முன்னதாக மலர்கின்றன எனக் கண்டுள்ளனர். வீண் பொழுது என எள்ளப்பட்ட ஓய்வு, அறிவியலுக்கு அருஞ்சான்றாயிற்று. என்புருக்கி நோயால் 1862-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள், தம் 44-ஆம் அகவையில் தோரோ இயற்கை எய்தினார்.

முடிவுரை

மாணவர்களே! தோரோ போல் நாமெல்லாரும் காட்டிற்குச் சென்று குடில் கட்டுதல் இயலாது. அவரும் அதனை வேண்டினாரல்லர். பொறியை விலக்குக என்பது அவர் வாழ்வு தரும் பாடமன்று. பொறிக்கு நாம் கொடுக்கும் விலையை அறிந்து கொடுக்க என்பதே பாடம். கைப்பேசியைக் கையில் எடுக்குமுன், இதற்கு இன்று என் வாழ்நாளில் எத்துணைப் பகுதியைக் கொடுக்கின்றேன் என்று ஒருமுறை எண்ணுங்கள். பொறி மிச்சமாக்கித் தந்த பொழுதை மீண்டும் பொறிக்கே ஈந்துவிடாமல், ஒரு மரத்தடியில், ஓர் ஏரிக்கரையில், ஒரு நல்ல நூலோடு கழித்துப் பாருங்கள். உங்கள் ஊர் வேம்பு இவ்வாண்டு எந்நாளில் பூத்தது என்று குறித்து வையுங்கள். பொறி நமக்கு ஏவலாளாய் நிற்றல் வேண்டும். நாம் பொறிக்கு ஏவலாளாகி விடலாகாது.