பெருங்குளம் மாதவையர்

பொருநை யென்றும் தாமிரபர்ணி யென்றும் வழங்கும் புண்ணிய நதியாற் செழித்த திருநெல்வேலிச் சீமை, புலவர் பலரை ஈன்ற பெருமையுடையதென்பதை நம் சங்கத்து அன்பர்கள் நன்கறிவர். அந்நதியின் வடகரையில், ஸ்ரீவைகுண்டத்திற்கு அண்மையில், நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய பெருங்குளம் உள்ளது. முன்னர்த் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1986-ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தின்பாற்பட்ட அவ்வூரில், 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி பிறந்தவரே நாவலாசிரியர் அ. மாதவையர். நம் மரபிற் பிறந்து, நம் மரபின் குறைகளை நமக்கே நகைமுகத்தோடு எடுத்துக் காட்டிய இப்பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இளமையில் திருநெல்வேலியிற் கற்ற இவர், பின்னர்ச் சென்னை சென்று, டாக்டர் மில்லர் தலைமை வகித்த கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்து, 1892-ல் பி.ஏ. பட்டம் பெற்றனர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1887-ல், பதினைந்தாம் பிராயத்தில் இவருக்கு விவாகம் நடந்தேறியிருந்தது. மணப்பெண் இவரினும் இளைய சிறுமி. அக்காலத்து வழக்கம் அது. பிற்காலத்தில் இவர் பால்ய விவாகத்தைக் கண்டித்தெழுதியதெல்லாம் பிறர் வீட்டுச் செய்தியைக் கேட்டறிந்து எழுதியதன்று. தம் வீட்டிலும் தம் ஊரிலும் கண்டறிந்தே எழுதியதென்பதை நாம் மறத்தலாகாது.

பட்டம் பெற்றபின் இவர் ஏற்றது உப்பு, அப்காரி இலாகா உத்தியோகம். உப்பளங்களையும் சாராயக் கடைகளையும் கண்காணித்து ஊரூராய்த் திரிய வேண்டிய அத்தொழிலுக்கும் இலக்கியத்திற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. எனினும், சர்க்காருக்குப் பகலைக் கொடுத்துவிட்டுத் தமிழுக்கு எஞ்சிய பொழுதைக் கொடுத்த இவர், அவ்வெஞ்சிய பொழுதிலேயே நூல்கள் பல இயற்றினர். இன்று பொழுதில்லையென்று கூறிப் புத்தகத்தைத் தொடாத நாம் இதனைச் சிந்தித்தல் நலம்.

இவர் எழுதத் தொடங்கியது கலாசாலை நாட்களிலேயாம். 1892-ல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையை எழுதிவர, அது முற்றுப்பெறாது இடையில் நின்றது. ஓர் இளம் விதவை தன் துயரைத் தானே கூறுவதாக அமைந்த கதை அது. மற்றொருவராயின் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பர். இவரோ பதினோராண்டு பொறுத்திருந்து, 1903-ல் அதனை முத்துமீனாக்ஷி என்னும் பெயரால் நூலாக்கினர். விதவைக்கு மறுமணம் கூறும் அந்நூல் நம்மவரிடையே பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. அதனால் இவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரல்லர்; நம்மவரை வெறுத்து விலகினாருமல்லர்.

இவர்தம் பெயரை நிலைநிறுத்திய பத்மாவதி சரித்திரம் 1898-லும் 1899-லும் இரு பாகங்களாக வெளிவந்தது. நம் சீமைக் கிராமத்திலிருந்து சென்னைக்குக் கல்வி கற்கச் செல்லும் இளைஞர்களின் வாழ்வைக் கூறுவது அது. ஆங்கிலங் கற்ற கணவனொருவன் குற்றமற்ற மனைவியின்மேல் ஐயங்கொண்டு, பின்னர் உண்மையுணர்ந்து வருந்துவதை அதிற் காண்கிறோம். கல்வி வேறு, அறிவு வேறு என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமும், இவருடன் ஒரே ஆண்டிற் பிறந்த ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரமும், இந்நூலும் தமிழ் நாவலுக்கு முதல் மூன்று தூண்களென அறிஞர் கூறுவர்.

இவர் ஆங்கிலத்திலும் வல்லவர். தில்லை கோவிந்தன் என்னும் இவரது ஆங்கில நாவல் 1903-ல் சென்னையில் வெளிவந்து, 1916-ல் லண்டனிலும் அச்சிடப்பெற்றது. பாளையங்கோட்டையில் 1785-ல் கோயிலெடுப்பித்த கிளாரிந்தா என்னும் கிறிஸ்தவ மாதின் சரித்திரத்தை நாவலாக்கி 1915-ல் வெளியிட்டனர். கைம்பெண்ணாய்த் துயருற்று மதம் மாறிய ஒரு பிராமணப் பெண்ணை இகழாது பரிவோடு பாடுதற்கு விரிந்த உள்ளம் வேண்டுமன்றோ!

இனி, இவரது நகைச்சுவையைக் குறித்துச் சிறிது கூறுவாம். சீர்திருத்தக்காரர் பலர் சினந்து பேசுவர். கேட்போரும் சினந்து எழுந்து போவர். மாதவையர் கையாண்ட வழி வேறு. குசிகர் என்னும் புனைபெயரில் இவர் ஹிந்து பத்திரிகைக்கு ஆங்கிலத்திற் சிறுகதைகள் எழுதினர். அவற்றைத் தாமே பின்னர்த் தமிழாக்கிக் குசிகர் குட்டிக் கதைகள் என வழங்கினர். பெயரிலேயே புன்னகை தோன்றுகின்றதன்றோ! பாரதத்திற் கண்ணபிரான் தூது நடந்த செய்தியை அறியாதார் யார்? கண்ணன் பெருந்தூது என்னும் அப்பெரும் பெயரை எளியதொரு வீட்டுக் கதைக்கு இட்டு 1925-ல் எழுதினர். நம் கூடத்திலும் அடுக்களையிலும் நாடோறும் நிகழும் சிறு செய்திகளிலே சிரிப்பு நிறைந்துள்ளதை இவர் கண்டனர். கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்தூட்டும் தாயின் செயல் போன்றது இவரது நகை. பகைவனின் நகை புண்படுத்தும். உறவினன் நகை புண்ணைக் காட்டும்.

நூலெழுதுவோர்க்கு எழுதுவதினும் விற்பது கடிது. வாங்கிப் படிப்போர் சிலரேயாகிய அந்நாளில், மாதவையர் 1922-ல் உத்தியோகத்தினின்று முன்னதாகவே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் தாம் வாழ்ந்த மனைக்குப் பெருங்குளம் எனத் தம் ஊர்ப் பெயரையே சூட்டி, தமக்கென ஓர் அச்சுக்கூடமும் நிறுவினர். ஓய்வு பெற்றோர் வட்டிக்குக் கொடுப்பதும் நிலம் வாங்குவதும் இயல்பு; இவர் அச்செழுத்து வாங்கினர். 1924-ல் பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கி, தாமே ஆசிரியராயிருந்து நடத்தி, பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தையும் அதில் எழுதலாயினர். அது முற்றுப்பெறவில்லை.

முற்றுப்பெறாமைக்குக் காரணத்தை எழுதுங்கால் எம் கை தளர்கின்றது. 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பிலே தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று இவர் பேசினர். பேசி அமர்ந்த சிறிது பொழுதில் உயிர் நீத்தனர். வயது ஐம்பத்துமூன்று. இறுதியாக இவர் பொதுமன்றிற் கேட்டது தமக்கொரு பதவியன்று, தமிழுக்கோர் இடம். தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நாம், அவ்விடத்திலே நின்று உண்கின்றோமென்பதை நினையுந்தோறும் தலைவணங்குகின்றோம்.

இவர்தம் புதல்வருள் அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும், கிருஷ்ணன் வனவிலங்குகளைப் பற்றி எழுதிய பேரறிஞராகவும் விளங்கினர். இவ்விருவரும் எழுத்தாளரானமை தந்தை விட்டுச் சென்ற செல்வம் எதுவென்பதைக் காட்டும்.

அன்பர்களே! சங்கங்கள் தம் குலத்துப் பெரியோரைப் புகழ்வது வழக்கம். உருவப்படத்திற்கு மாலையிடுதல் எளிது; அவர் கூறியதைக் கேட்டல் அரிது. மாதவையர் இன்று நம்மிடையே எழுந்து, நம் கலியாணங்களில் நடக்கும் கொடுக்கல் வாங்கலையும், கணவனை இழந்த பெண்ணை மங்கல காரியத்தில் ஒதுக்கி நிறுத்தும் வழக்கத்தையும் கண்டு நகைத்து ஒரு கதை எழுதினால், அதனை இவ்வேட்டில் அச்சிடுவோமா, அன்றி அவர் பெயரை அங்கத்தினர் பட்டியலினின்று நீக்குவோமா? அவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. முத்துமீனாக்ஷியை வாங்கி நம் இல்லத்துப் பெண்மக்கள் கையிலே கொடுத்து, அவர்கள் வாசிக்க நாம் இருந்து கேட்போமாயின், அதுவே அவர்க்கு நாம் செய்யும் சிராத்தமாகும்.