கேட்டு வாழ்ந்தவர், பேசி வீழ்ந்தார்: எம்டன் தளபதியின் கதை

மிகவும் சூழ்ச்சிக்காரனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்றும் உண்டு. கடற்கரை ஊர்களில் மட்டுமல்ல, உத்திரமேரூரை அடுத்த பெருநகர் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் இச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. அக்கப்பலை நடத்திய கார்ல் வான் முல்லரின் பெயர்தான் மறந்துபோயிற்று.

முல்லர் 1873 ஜூன் 16 அன்று ஹனோவரில் பிறந்தார். தந்தை பிரஷ்ய ராணுவத்தில் கர்னல். மகன் தரைப்படையை விட்டுக் கடற்படையைத் தேர்ந்தெடுத்து 1891-இல் அதில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் பணியாற்றியபோது தொற்றிய மலேரியா அவரை இறுதிவரை விடவில்லை. கூச்ச சுபாவமும் கண்டிப்பும் கொண்டவர். பெர்லின் கடற்படைத் தலைமையகத்தில் பணிபுரிந்தபின், 1913-இல் எம்டனின் பொறுப்பை ஏற்றார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு பசிபிக் பெருங்கடலைக் கடந்து செல்ல முடிவு செய்தது. முல்லர் மட்டும் தனித்துப் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குச் செல்ல அனுமதி பெற்றார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் போலத் தோன்றுவதற்காக நான்காவது ஒன்றைக் கித்தானால் செய்து நிறுத்தினார்கள். இந்த வேடத்தைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். ஆனால், அவருடைய உண்மையான ஆயுதம் கம்பியில்லாத் தந்தி அறையில் இருந்தது. அங்கே அவருடைய ஆட்கள் இரவும் பகலும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். பேசுவதை இயன்றவரை தவிர்த்தார்கள். எதிரியின் சங்கேதம் புரியாவிட்டாலும், ஒலியின் வலுவைக் கொண்டு அவன் நெருங்குகிறானா, விலகுகிறானா என்று கணித்தார்கள்.

அன்றைய வணிகக் கப்பல்களின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்திக் கருவியே இல்லை. பகைக் கப்பல் பற்றிய அதிகாரபூர்வ எச்சரிக்கை, கொழும்பு போன்ற மையங்களிலிருந்து கம்பித் தந்தி வழியே துறைமுகங்களுக்குப் போகும். புறப்படும் கப்பலின் தலைவருக்கு அதிகாரிகள் பாதை சொல்லி அனுப்புவார்கள். அதன்பின் கடலில் நிலைமை மாறினால், கருவியற்ற கப்பலுக்கு அதைத் தெரிவிக்க வழியில்லை. எதிரே வரும் கப்பல் கொடியசைத்துச் சொன்னால்தான் உண்டு. எச்சரிக்கையைக் காற்றில் விட்டால், அதைக் கேட்க வேண்டியவனுக்குக் காது இல்லை. கேட்கக் கூடாதவனுக்கு நல்ல காது இருந்தது.

செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் இதுதான் நடந்தது. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமேட் என வரிசையாகக் கப்பல்கள் பிடிபட்டன. நடுநிலை நாடான இத்தாலியின் லொரிடானோ என்ற கப்பல் கல்கத்தா பக்கம் சென்று செய்தி சொன்ன பிறகே கரைக்கு விஷயம் தெரிந்தது. அங்கிருந்து எழுந்த எச்சரிக்கையை எம்டனும் கேட்டது; உடனே வேறு திசைக்கு நகர்ந்தது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த இந்தியச் செய்தித்தாள்கள், எந்தக் கப்பல் எப்போது புறப்படுகிறது என்பதையும் அச்சிட்டுக் கொடுத்தன.

செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்தார். நகரின் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் பலகை இன்றும் இருக்கிறது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதை நம்மிடையே செல்லமாக வளர்ந்திருக்கிறது. ஆனால், அந்த நாளில் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.

அக்டோபரில் மினிக்காய் அருகே டிராய்லஸ் என்ற கப்பல் சிக்கியது. வழக்கமான பாதையை விட்டு விலகிச் செல்லுமாறு அதன் தலைவருக்கு அதிகாரிகள் அறிவுறுத்தியிருந்தார்கள். அந்த விலகிய பாதையில்தான் முல்லர் காத்திருந்தார்.

இரண்டு மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தும், அவற்றின் மாலுமிகளில் ஒருவரையும் அவர் கொல்லவில்லை. சிறைப்பட்டவர்களை ஏதேனும் ஒரு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார். கொச்சிக்கு ஒரு கூட்டம் அப்படி வந்து சேர்ந்தது. இந்த நாகரிகத்தை எதிரி நாட்டுப் பத்திரிகைகளே புகழ்ந்தன. புகழ் நியாயமானதே. ஆனால், அக்கப்பல்களின் அடுப்பறையில் கரி தள்ளிய இந்திய லஸ்கர்களைப் பற்றி அப்பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. தங்களைச் சூழ்ந்த ஆபத்தைப் பற்றி எல்லோரையும்விடக் கடைசியாக அறிந்தவர்கள் அவர்கள்தாம்.

பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தபின், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றார். கரி ஏற்றிய துணைக் கப்பலான புரெஸ்கை வரவழைக்க, எம்டன் தன் மௌனத்தைக் கலைத்து அழைப்பு விடுத்தது. அறியாத அந்தச் சங்கேதம் தீவிலும் கேட்டது. ஆஸ்திரேலியப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டத்திலும் கேட்டது. புதிய கப்பலைக் கண்ட நிலையத்தார் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். எம்டன் இரைச்சல் எழுப்பி அதை மறைக்க முயன்றது. பதிலளித்த போர்க்கப்பலின் ஒலி மெலிவாக இருந்ததால், அது வெகு தொலைவில் இருப்பதாக முல்லரின் ஆட்கள் கணித்தார்கள். உண்மையில் சிட்னி என்ற அக்கப்பல் சுமார் ஐம்பது மைலில் இருந்தது. தீவில் இறங்கியவர்களோ, டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாதபடி கவனமாகத் தந்திக் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டே எம்டன் போருக்குப் போயிற்று. எம்டனில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிதைந்த கப்பலை முல்லர் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார்.

மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிறையிருந்தார். 1917-இல் சுரங்கம் வழியே இருபதுக்கும் மேற்பட்டோருடன் தப்பி, மீண்டும் பிடிபட்டார். போர் முடிந்தபின் புத்தகம் எழுதப் பலர் வற்புறுத்தியபோது, தோழர்களின் ரத்தத்தைக் காசாக்க மனமில்லை என்று மறுத்துவிட்டார். 1923 மார்ச் 11 அன்று, ஐம்பது வயது நிறையுமுன் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் முறையை மாற்றியிருந்தார்கள். கரை நிலையங்கள் கடற்பகுதி வாரியாக, குறித்த நேரங்களில், சங்கேதத்தில் ஆணைகளை ஒலிபரப்பும். வணிகக் கப்பல்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் சொல்லித் தாம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. முல்லர் கையாண்ட மௌனம் இப்போது சரக்குக் கப்பல்களுக்கு விதியாயிற்று. 1940 ஜூலையில் அதே இந்தியப் பெருங்கடலில், அட்லாண்டிஸ் என்ற ஜெர்மானிய வேடக் கப்பல் சிட்டி ஆஃப் பாக்தாத் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தது. அதில் அந்தச் சங்கேதப் புத்தகம் அழிக்கப்படாமல் கிடைத்தது. வணிகக் கப்பல்களுக்கென ஒலிபரப்பான ஆணைகளை அட்லாண்டிஸும் படிக்கத் தொடங்கியது.