ஒரு சொல்லைத் தேடிய பாதிரியார்

ஆங்கிலத்தில் 'காட்' என்று ஒரே சொல். தமிழிலோ கடவுள், தேவன், சருவேசுரன், பராபரன் என்று பல சொற்கள்! எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் பெப்ரீசியஸ் பாதிரியார். 1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

பைபிளைத் தமிழில் எழுதத் தொடங்கினார். 'சருவேசுரன்' என்றால் எல்லாவற்றையும் ஆள்பவன். முன்பு தமிழாக்கிய சீகன்பால்கு அந்தச் சொல்லையே எடுத்திருந்தார். 'தேவன்' என்றால், புராணங்களில் தேவர்கள் பலர் ஆயிற்றே! 'பராபரன்' என்றால், மேலானவர்க்கெல்லாம் மேலானவன். பெப்ரீசியஸ் அதையே தேர்ந்தெடுத்தார்.

வேலைக்கு நடுவே யுத்தம் வந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். வேப்பேரி சூறையாடப்பட்டது. பாதிரியார் தப்பினார். திருவொற்றியூர், எண்ணூருக்கும் வடக்கே, டச்சுக்காரர் வசம் இருந்த பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார்.

1761-ல் புதுச்சேரி வீழ்ந்தது. அங்கே ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. அரசாங்க வேலையை முதலில் அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த அச்சகத்தில் 1779-ல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. அதில் சுமார் 9 ஆயிரம் சொற்கள்!

முதுமையில் கடன் தொல்லை அவரைச் சிறையில் தள்ளியது. 1791-ல் காலமானார்.

1871-ல் வெளிவந்த தமிழ் பைபிளில் 'பராபரன்' போய், 'தேவன்' வந்தது. பிற்காலத்தில் சிலர் 'கடவுள்' என்றார்கள். பெப்ரீசியஸ் அகராதியோ வளர்ந்து, பல பதிப்புகள் கண்டு, இன்றும் பயன்படுகிறது.