காற்றைக் கணக்கிட்ட அறிஞர்

அணையில் மோதும் வெள்ளமும், கப்பலை அலைக்கும் புயலும் இந்நாளில் கணிப்பொறியின் திரையில் உள்ளவாறே தோன்றுகின்றன. நீரும் காற்றும் கல்லும் ஒன்றையொன்று தாக்குவதைக் கணக்கினாலேயே காட்டும் இக்கலைக்கு வழிகாட்டியவர் சிலர். அவர்களுள், கணிப்பொறி தோன்றுவதற்கு முன்னரே தாளும் எழுதுகோலும் கொண்டு அப்பணியைத் தொடங்கியவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் ஆவார்.

இவர் 1881ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். மக்கள் எழுவருள் இவரே கடைக்குட்டி. குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். போர் புரிதல் தகாது என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை இவரது வாழ்வையே திருப்பிவிட்டது.

கேம்பிரிட்ஜில் கற்றுத் தேறிய ரிச்சர்ட்சன் தொழில் நிறுவனம் ஒன்றில் அமர்ந்தார். சதுப்பு நிலத்து நீரை வடிப்பதற்கு வாய்க்கால்களை எங்ஙனம் வெட்டுவது என்னும் வினா அங்கு எழுந்தது. நீரோட்டத்திற்குரிய சமன்பாடுகள் முன்னரே இருந்தன. ஆயினும் அவற்றிற்கு நேரே விடை காண்பது அரிதாயிற்று. இவர் கண்ட வழி எளியது. பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் அளவையும் அண்டைக் கட்டங்களின் அளவுகளைக் கொண்டு கணக்கிட வேண்டும். கூட்டலும் கழித்தலும் பெருக்கலுமே போதும். பொறுமைதான் மிகுதியாக வேண்டும்! நீரைத் தாங்கி நிற்கும் கல்லணையின் உள்ளே அழுத்தம் பரவும் வகையை 1910இல் இம்முறையாலேயே ஆராய்ந்தார். சிறுவர்களுக்குக் கூலி கொடுத்துக் கணக்கிடச் செய்தார். அவர்களுள் விரைந்து செய்வோர் வாரத்திற்கு ஏறத்தாழ 2,000 கணக்குகள் செய்தனர்.

நீருக்கும் கல்லுக்கும் பொருந்திய முறை காற்றுக்குப் பொருந்தாதோ? 1913இல் வானிலைத் துறையில் சேர்ந்து, ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்மியூர் ஆய்வுநிலையத்தின் தலைவரானபோது இவ்வெண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. படைக்கலம் ஏந்த மனம் இசையாத ரிச்சர்ட்சன் 1916இல் பதவியைத் துறந்து, பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஊர்தியை ஓட்டினார். ஓய்வு கிடைத்தபோது குளிர்ந்த கொட்டிலில், வைக்கோற் குவியலே மேசையாகக் கணக்கிடத் தொடங்கினார். 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நடு ஐரோப்பாவில் காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மாறியது என்பதே கணக்கு. அதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. அழுத்தம் 145 மில்லிபார் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விடை. உண்மையிலோ அன்று அழுத்தம் பெரிதும் மாறவேயில்லை!

போதாக்குறைக்கு, 1917இல் ஷாம்பேன் போரின்போது கையெழுத்துப்படியும் காணாமற்போயிற்று. பல திங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் அது அகப்பட்டது. 1922இல் நூல் வெளிவந்தது. தவறிய கணக்கை மறைக்காமல் முழுவதும் அச்சிட்டிருந்தார். அதனாலன்றோ பிற்கால அறிஞர் அதனை மீண்டும் செய்து பார்க்க முடிந்தது! தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றளவும் அழுத்த அளவும் ஒன்றோடொன்று இசையாமையே பிழைக்குக் காரணம் என்றும், அவற்றைச் சீராக்கினால் இவரது முறையே ஏற்கத்தக்க விடை தரும் என்றும் அவர்கள் கண்டனர்.

அந்நூலில் ஒரு கற்பனை மண்டபமும் உண்டு. உலகப்படம் தீட்டிய சுவர்களைச் சுற்றி 64,000 கணக்கர் அமர்ந்து, தத்தமக்குரிய நிலப்பகுதியின் வானிலையைக் கணக்கிடுகின்றனர். நடுவிலுள்ள தூணின்மேல் நிற்கும் தலைவர், முந்துவோர்மீது செவ்வொளியும் பிந்துவோர்மீது நீலவொளியும் பாய்ச்சி அனைவரையும் ஒன்றுபோல் நடத்துகிறார். எண்ணற்ற கணிப்பொறிகள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் இன்றைய முறைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

போர் முடிந்து மீண்டும் வானிலைத் துறைக்கு வந்தார். ஆனால் 1920இல் அத்துறை வான்படை அமைச்சகத்தின்கீழ்ச் சென்றது. அதனால் விலகி ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1926இல் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. காற்றுச் சுழல்களைப் பற்றிய தம் ஆராய்ச்சி நச்சுப்புகை விடுவோர்க்குப் பயன்படும் என்று அறிந்ததும், நெஞ்சிற்கினிய வானிலை ஆராய்ச்சியையே விட்டொழித்துப் போர்கள் எதனால் மூள்கின்றன என்று கணக்கிடலானார். எனினும் பழைய ஆவல் முற்றும் அவியவில்லை. 1948இல் வெளிவந்த ஆய்வொன்றிற்காக, ஸ்டாமெல் என்னும் அமெரிக்கருடன் லாங் என்னும் கடற்கழியில் பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, அவை விலகும் விரைவை அளந்தார். அமிழ்ந்து மிதக்கும் அக்கிழங்கைக் காற்று தள்ளாது; நீரே இழுத்துச் செல்லும்.

1950இல் அமெரிக்காவில், படையினர் பீரங்கிக் கணக்கிற்கெனச் செய்வித்த எனியாக் என்னும் பொறியில் வானிலை முதன்முதலாகக் கணக்கிடப்பட்டது. ஒரு நாள் வானிலையைக் காண ஏறத்தாழ ஒரு நாள் ஆயிற்று. சார்னி என்னும் அறிஞர் அம்முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். முதியவர் அவற்றைக் கண்டு மகிழ்ந்து, வாழ்த்து மடல் விடுத்தார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கில்மன் என்னும் ஊரில் அவர் காலமானார்.