வானியல் மேதை அல்பத்தானீ (ரஹ்)

 

பிறை 7 அல்லது 8 அன்று மஃரிப் தொழுதுவிட்டு, ஒரு சிறிய தொலைநோக்கி கிடைத்தால் நிலவைப் பாருங்கள். வெளிச்சமும் இருளும் பிரியும் கோட்டின் நடுவுக்குச் சற்றுத் தெற்கே ஒரு வட்டப் பள்ளம் தெரியும். அகலம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். நடுவில் ஒரு மலை. காற்றும் மழையும் இல்லாத அந்த இடத்திலும் அதன் சுற்றுச்சுவர் தேய்ந்து கிடக்கிறது. விண்கல் மோதி உண்டான பள்ளம் அது. பின்னால் வந்து விழுந்த கற்களே சுவரையும் சிதைத்தன. மேற்குப் புறத்தில் இன்னொரு சிறிய பள்ளமே அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

1651-இல் ரிச்சோலி என்ற இத்தாலியப் பாதிரியார் அதற்கு அல்பதேக்னியஸ் என்று பெயரிட்டார். லத்தீனில் திரிந்துபோன அந்தப் பெயருக்கு உரியவர் முஹம்மது இப்னு ஜாபிர் அல்பத்தானீ அவர்கள்.

பிறந்த ஊர் ஹர்ரான். இன்றைய துருக்கியின் தெற்கில் இருக்கிறது. கோள்களை வணங்கிய ஸாபிஈன்கள் வாழ்ந்த ஊர். இவருடைய முன்னோரும் அவர்களே. ஊரார் எவற்றுக்குத் தலைவணங்கினார்களோ, அவற்றை இவர் அளந்தார்! யூப்ரடீஸ் நதிக்கரையில், ரக்கா நகரில், ஹிஜ்ரி 264 (877) முதல் 306 (918) வரை, தொலைநோக்கியே இல்லாத காலத்தில், வெறுங்கண்ணாலும் அளவுக் கருவிகளாலும் வானத்தைக் கணக்கெடுத்தார்கள். ஓர் ஆண்டுக்கு 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 விநாடி என்று கண்டார்கள். இன்றைய கணக்கோடு சுமார் இரண்டரை நிமிடம்தான் வித்தியாசம்.

2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்திலும் இலங்கையின் வடக்கிலும் சூரியன் வளையம்போல் தெரிந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சூரியனின் தோற்ற அளவு மாறுவதில்லை என்பது கிரேக்க அறிஞர் தாலமியின் கருத்து. அது ஆண்டு முழுவதும் மாறுகிறது, எனவே வளையக் கிரகணம் நிகழ முடியும் என்று காட்டியவர் அல்பத்தானீ. நிலவில் இவருடைய பள்ளத்துக்கு வடமேற்கே இருப்பது அதே தாலமியின் பெயர் கொண்ட பள்ளம் என்பது ஒரு வேடிக்கை. இவருடைய 'ஸீஜ்' நூல் லத்தீனுக்குப் போயிற்று. 1543-இல் வெளிவந்த தம் நூலில் கோப்பர்நிக்கஸ் பல இடங்களில் இவரைக் குறிப்பிடுகிறார்.

இத்தனைக்கும் மேலாக நான் மதிப்பது அவர்களின் கடைசிப் பயணத்தைத்தான். இப்னு நதீம் இதைப் பதிவு செய்திருக்கிறார். ரக்காவின் பனூ ஸய்யாத் குடும்பத்தாருக்கு அநீதி இழைக்கப்பட்டது. முறையிட அவர்கள் பக்தாதுக்குப் புறப்பட்டபோது அல்பத்தானீயும் உடன் சென்றார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தூரமோ 500 கிலோமீட்டருக்கும் மேல். அநீதி நடந்தது பிறருக்கு. வயதைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

திரும்பும் வழியில், ஸாமர்ராவுக்கு அருகே கஸ்ருல் ஜிஸ் என்ற இடத்தில், ஹிஜ்ரி 317-இல் (929) வஃபாத்தானார்கள். ரக்காவுக்குப் பாதி வழிக்கு மேல் மிச்சமிருந்தது. அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக, ஆமீன்.