ஏழையர் வழக்கறிஞர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்

செய்த செயலுக்கே தண்டனை என்பது நீதியின் முதல் விதி. அவ்விதி பிறழ்ந்து, பிறந்த குலத்திற்கே தண்டனை என்றிருந்த காலமும் நம் மண்ணில் இருந்தது. அக்கொடுமையை எதிர்த்து வழக்காடிய பெருமகனார் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

திருவிதாங்கூரின் செங்கன்னூரில் 1887ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னையிலும் எடின்பரோவிலும் பயின்று, இலண்டனில் சட்டம் கற்று, 1909இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். செல்வர்களின் வழக்குகளே பொருள் தருவன. இவரோ ஆலைத் தொழிலாளர்க்கும் சிற்றூர் மக்களுக்கும் துணை நின்றார்.

1871இல் வட இந்தியாவில் தோன்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் விரிவாக்கப்பெற்று, 1914 முதல் மதுரை வட்டாரப் பிறமலைக் கள்ளர் மீது படிப்படியாக ஏவப்பட்டது. ஆடவர் தம் கைரேகையைக் காவல் நிலையத்தில் பதிதல் வேண்டும். இரவில் அங்கு சென்று தம் இருப்பைக் காட்டுதல் வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். தவறியவர்க்குச் சிறை. திருடியவரும் உழுது பிழைத்தவரும் இச்சட்டத்தின் கண்ணுக்கு ஒருவரே. ஒரு குலத்தைக் குற்றப்பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லாது என எந்த நீதிமன்றமும் உரைத்தல் இயலாது. நிலமும் செல்வாக்கும் உடையோர் வழக்குமன்றம் ஏறிய அதே நாட்டில், இம்மக்களுக்கு அதன் கதவு சாத்தப்பட்டிருந்தது.

கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒரு பெண் உட்பட 15க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாதியற்று நின்ற அம்மக்களுக்காக ஜார்ஜ் ஜோசப் முன்வந்தார். நீதிமன்றத்தில் வாதாடினார், சட்டத்தின் அநீதியை ஏடுகளில் எழுதினார். அவர்தம் பெயர் எளிய மக்கள் நாவில் ரோசாப்பூ துரை என மலர்ந்தது. தம் குழந்தைகளுக்கும் ரோசாப்பூ எனப் பெயரிட்டு நன்றி பாராட்டினர்.

விடுதலைப் போரில் சிறை சென்ற இவர், 1924இல் வைக்கம் அறப்போரிலும் கைதானார். 1938 மார்ச் 5ஆம் நாள், ஐம்பது வயதிலேயே மதுரையில் மறைந்தார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிய 1947ஆம் ஆண்டைக் காண அவர் இருந்தாரில்லை. நாடு முழுவதும் அது நீங்கியது 1952இல்.

சட்டம் போயிற்று, ஓர் ஊரில் களவு நிகழ்ந்தவுடன் இன்னாரின் தெருவில் தேடுக என்று கைகாட்டும் மனம் முற்றும் போயிற்றா? நாளை வழக்கறிஞராகவும் அதிகாரியாகவும் அமரவிருக்கும் மாணவ மணிகள், ஆள் யார் என வினவுமுன் செயல் யாது என வினவுவாராக. அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.