சின்ன மருதுவும் வளரியும்

சென்ற விடுமுறையில் நம் மாணவர் சிலர் மணிமுத்தாற்றுக்கு உலாச் சென்றிருந்தனர். அணைக்கட்டையும் அருவியையும் கண்டு களித்தபின், கையோடு கொண்டுசென்ற மூங்கிற் கழியை வளைத்து, கயிற்றை நாணாகப் பூட்டி, வில்லொன்று செய்து பார்த்தனர். முதல் அம்பு பத்தடி சென்று மணலில் வீழ்ந்தது. இரண்டாம் முறை நாணை இழுக்கையில் கழியே முறிந்தது. நகைத்துக்கொண்டு திரும்பிய அவர்கள், பண்டையோர் இக்கருவிகளைக் கொண்டு எங்ஙனம் வேட்டையும் போரும் நடத்தினர் என்று என்னை வினவினர். அவ்வினாவே இவ்வரலாற்றை எழுதத் தூண்டியது.

நெல்லைச் சீமையில் இன்று வில் என்ற அளவில் நினைவுக்கு வருவது, கொடை விழாக்களில் மணி கட்டி அடிக்கப்பெறும் வில்லுப்பாட்டு வில்லேயாகும். போர்வில் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயின் மரத்தைக் கையாற் செதுக்கிக் கையாலேயே எறியும் மற்றொரு கருவி, வில்லுக்குத் தம்பி எனத்தக்கது, தென்பாண்டி நாட்டில் அதற்குப் பின்னும் நிலைத்திருந்தது. அதுவே வளரி, வளைதடி என்றும் கூறுவர். பிறைபோல் வளைந்த அதன் ஒரு முனை மெலிந்தும் மறுமுனை கனத்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்குமேல் சிலமுறை சுழற்றி வீசுவர். முயலும் மானும் அதற்கு இரையாயின. வில்லுக்கு வளைந்து நிமிரும் மரம் வேண்டும். வளரிக்கோ வளையாத வயிர மரம் வேண்டும். இயல்பாகவே வளைந்த கிளையைத் தேர்ந்து செதுக்கினால் மரத்தின் நார் அவ்வளைவைத் தொடர்ந்து ஓடும். நேரான பலகையை அறுத்து வளைவாக்கினால் நார் குறுக்கே வெட்டுண்டு, கல்லில் மோதியவுடன் பிளந்துவிடும். நம் மாணவர் இதனை அறிந்திருப்பின் கழியைத் தேர்வதிலேயே பாதிப் பொழுதைச் செலவிட்டிருப்பர். எறிந்தவனிடமே வளரி மீண்டு வரும் என்று பலர் வியந்து பேசுவர். குறியை அடித்து வீழ்த்தும் கனத்த கருவிக்கு மீண்டு வரவேண்டிய கடமை யாதுமில்லை என்பதே என் கருத்து. தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்த வளரிகளுள் யானைத் தந்தத்தால் இயன்றனவும் உண்டு. அவை அழகுக்கும் மதிப்புக்கும் செய்யப்பெற்றவை போலும்.

இக்கருவியோடு நீங்காத தொடர்புடைய பெயர் சிவகங்கைச் சின்ன மருது பாண்டியருடையது. அவர் 1753-ஆம் ஆண்டில் நரிக்குடியை அடுத்த முக்குளத்திற் பிறந்தார் என்பர். தமையனார் பெரிய மருது ஐந்தாண்டு மூத்தவர். இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணியில் அமர்ந்தனர். 1772-ஆம் ஆண்டில் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோவிலைத் தாக்க, மன்னர் மாண்டார். அரசி வேலு நாச்சியாரோடு மருது சகோதரர் விருப்பாட்சிக்குச் சென்று எட்டாண்டு காத்திருந்தனர். 1780-இல் ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கை மீட்கப்பெற்றது. அதன்பின் நாட்டின் ஆட்சிப் பொறுப்பு நாளடைவில் இச்சகோதரர் கைக்கே வந்து சேர்ந்தது.

சகோதரர் இருவரும் இயல்பில் வேறுபட்டவர். பெரியவர் பேருடலும் பெருவலியும் வாய்ந்தவர். ஆர்க்காட்டு ரூபாயை விரலால் வளைக்க வல்லவர். அரசியலைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காட்டில் வேட்டையாடித் திரிந்தார். சின்னவர் கருநிறமும் பருத்த உடலும் இன்முகமும் உடையவர். சிறுவயலில் அவர் இருந்த அரண்மனைக்குக் காவலில்லை. வேண்டுவோர் யாவரும் தடையின்றி உட்சென்று அவரைக் கண்டு மீளலாம். இவற்றையெல்லாம் நமக்கு அறிவித்தவர் அவர் குடியினரோ புலவரோ அல்லர். கும்பினிப் படையில் இளந்தலைவராயிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர். 1795-ஆம் ஆண்டளவில் மதுரையிலிருந்த அத்துரைக்குச் சின்ன மருது நல்லரிசியும் பழங்களும் அனுப்பிவைத்தார். அம்மட்டோ! ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதன்முதற் கற்பித்தவரும் அவரே. நூறு கெஜத்துக்குட்பட்ட எத்தொலைவிலும் வளரி குறி தவறாது என்று அம்மாணாக்கர் எழுதிவைத்தார். நாட்டுக்குரிய மறைக்கருவியை அயலான் கையில் வைத்து, சுழற்றும் முறையையும் காட்டிக்கொடுத்த அந்நெஞ்சில் அப்போது பகை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஆறாண்டுகளில் யாவும் மாறின. கட்டபொம்மர் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை நம் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிச்சென்று, இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதத்தில் அது வீழ்ந்ததும், அவர் அடைக்கலம் புகுந்த இடம் சிறுவயலேயாகும். அவரை ஒப்படைத்திருந்தால் சின்ன மருதுவின் அரண்மனையும் ஆட்சியும் தப்பியிருக்கலாம். அவர் ஒப்படைத்தாரில்லை. ஜூன் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் அவருடைய அறிக்கை ஒட்டப்பட்டது. எக்குலத்தாரும் ஒன்றுபட்டுக் கும்பினியாரை எதிர்க்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோவிற் காட்டினூடே வழிவெட்ட ஒரு மாதம் முயன்றும் இயலாது பின்வாங்கினார். பீரங்கி செல்ல முடியாத அடர்காட்டில் மருதுவின் வீரர்க்கு மரமும் முள்ளும் துணைநின்றன. பின்னர்க் கும்பினியார், செப்டம்பரில் சோழபுரத்தில் கௌரி வல்லப உடையத் தேவருக்குப் பட்டஞ்சூட்டிக் குடிகளைப் பிரித்தனர். படைவலியினும் இச்சூழ்ச்சியே மருதுவை வீழ்த்தியது என்று நான் கருதுகிறேன். அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது.

தாம் திருப்பணி செய்த கோபுரத்தை இடிக்காமற் காக்கவே சகோதரர் வெளிப்பட்டனர் என்பது கர்ண பரம்பரை. வெல்ஷ் துரை சொல்வது வேறு. காட்டு விலங்கைப்போல் துரத்தப்பட்டு, காலிற் காயமுற்று, சிறையிற் கிடந்த தம் ஆசானை அவர் நேரிற் கண்டார். துரத்திய படையில் தாமும் ஒருவர் என்பதை அவர் மறைக்கவில்லை. 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் உற்றாரோடு தூக்கிலிடப்பட்டனர். காளையார்கோவிலில் அவர்கள் சமாதி இன்றும் உளது. டிசம்பர் முதல் நாள் கவர்னர் கிளைவ் பிரபு வெளியிட்ட அறிக்கையால், படைக்கலம் வைத்திருத்தல் தென்சீமைக் குடிகளுக்குக் குற்றமாயிற்று. கருவி போயின், கைப்பழக்கமும் உடன் போகுமன்றோ?

சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். 1802 பிப்ரவரியில் 70-க்கு மேற்பட்டோருடன் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டான். 1818-இல் அத்தீவுக்குச் சென்ற வெல்ஷ் துரையின்முன், துயரத்தால் மூப்படைந்த ஒருவர் வந்து நின்றார். யாரென்று துரைக்கு விளங்கவில்லை. வந்தவர் துரைசாமி என்று தம் பெயரைச் சொன்னார். அச்சொல் கத்திபோற் பாய்ந்ததென்று துரை 1830-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். தந்தையிடம் வளரி கற்றவரால் மகனுக்குச் செய்யக்கூடியது யாதொன்றுமில்லாது போயிற்று.